சினமும் நாவும்: கிறிஸ்தவ மரபு வகுத்த ஒழுங்கு

கிறிஸ்தவ போதனை நாவடக்கத்தை வழிபாட்டோடு சேர்த்தே வைத்திருக்கிறது. புதிய ஏற்பாட்டில் இதை விரிவாகப் பேசுவது யாக்கோபு நிருபம். ஐந்தே அதிகாரங்கள் கொண்ட அந்தக் கடிதத்தில், எல்லா அதிகாரத்திலும் வாய்ச்சொல்லைப் பற்றிய எச்சரிக்கை ஏதாவது ஒரு வடிவில் வந்துவிடுகிறது. நாவுக்குக் கடிவாளம் போடாமலே தன்னைப் பக்திமான் என்று எண்ணிக்கொள்பவன் தன்னையே ஏமாற்றிக்கொள்கிறான், அவனுடைய பக்தி எதற்கும் உதவாது என்பது முதல் அதிகாரத்தின் தீர்ப்பு. கடவுளைத் துதிக்கிற வாயாலேயே, கடவுளின் சாயலில் படைக்கப்பட்ட மனிதனைச் சபிப்பது எப்படிப் பொருந்தும் என்பது மூன்றாம் அதிகாரத்தின் கேள்வி. ஆராதனையில் கண்ணை மூடிப் பாடிவிட்டு, வாசலில் செருப்பை மாட்டும்போதே அடுத்தவரைத் தாறுமாறாகப் பேசுவது எந்தச் சபையிலும் புதிதல்ல. யாக்கோபின் காலத்திலேயே அது இருந்திருக்கிறது.

அவர் வைக்கிற வரிசையும் கவனிக்கத்தக்கது. கேட்பதில் விரைவு வேண்டும். பேசுவதில் தாமதம் வேண்டும். கோபிப்பதிலும் தாமதம் வேண்டும். முதலில் வருவது செவி. பாதி கேட்டவுடன் பதில் சொல்லத் தொடங்குகிறவருக்குக் கோபம் எளிதில் வருகிறது, ஏனென்றால் கேட்காத மறுபாதியை அவரே கற்பித்து நிரப்பிக்கொள்கிறார். நாவைப் பற்றிய நீண்ட பகுதியை யாக்கோபு தொடங்குவது போதகர்களுக்கான எச்சரிக்கையோடு: போதிக்கிறவர்களுக்குத் தீர்ப்புக் கடுமையாக இருக்கும், ஆகையால் அந்தப் பொறுப்புக்குப் பலர் ஆசைப்பட வேண்டாம் என்கிறார். மேடையும் ஒலிபெருக்கியும் யார் கையில் இருக்கின்றனவோ அவர்களுக்கே இந்த ஒழுங்கு முதலில் சொல்லப்பட்டது.

மலைப்பிரசங்கம் இதை இன்னும் ஆழமாகக் கொண்டுபோகிறது. கொலையைத் தடை செய்த கட்டளையை இயேசு எடுத்துக்கொண்டு, அதே தடத்தில் சினத்தையும் வசைச்சொல்லையும் வைக்கிறார். அடுத்து வருவது நடைமுறை. பலிபீடத்தில் காணிக்கை செலுத்த வந்த இடத்தில், தன்மேல் இன்னொருவருக்கு மனத்தாங்கல் இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே விட்டுவிட்டுப் போய் ஒப்புரவாகி வர வேண்டும். இதைக் கேட்டவர்களில் பெரும்பாலோர் கலிலேயர். பலிபீடமோ எருசலேமில் இருந்தது. இடையில் நூறு கிலோமீட்டருக்கு மேல், நடந்து போனால் சில நாள் வழி. அவ்வளவு தூரம் வந்து சேர்ந்தவன் ஊர் திரும்பி, சண்டையைத் தீர்த்து, மறுபடியும் எருசலேமுக்கு நடப்பது என்றால் செலவும் அலைச்சலும் எவ்வளவு என்று அந்த மக்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இன்னொன்று. மனத்தாங்கல் காணிக்கை கொண்டுவந்தவனுக்கு இருப்பதாகச் சொல்லப்படவில்லை. அவன்மேல் மற்றவனுக்கு இருப்பதாகவே சொல்லப்படுகிறது. தன் மனம் அமைதியாக இருக்கிறது என்று ஒருவர் திருப்திப்பட்டுக்கொள்ள இங்கே இடமில்லை. தன்னால் புண்பட்டவரின் மனநிலையும் வழிபாட்டின் கணக்கில் சேர்ந்துவிடுகிறது.

ஆதித் திருச்சபை இதை ஏட்டளவில் விட்டுவிடவில்லை. ‘திதாக்கே’ என்று வழங்கும் மிகப் பழைய கிறிஸ்தவக் கையேடு, தோழனோடு சண்டையிட்டிருப்பவர் ஒப்புரவாகும்வரை ஞாயிற்றுக்கிழமைக் கூடுகையில் சேரக்கூடாது என்று விதிக்கிறது. 1662ஆம் ஆண்டின் ஆங்கிலிக்க ஜெபப்புத்தகம் திருவிருந்துக்கு வருமாறு அழைக்கும்போது, அயலாரோடு அன்பில் இருப்பதை ஒரு நிபந்தனையாகவே வைக்கிறது. பகை பாராட்டுகிறவர்களை ஒப்புரவாகும்வரை பந்தியில் சேர்க்கக்கூடாது என்று குருவானவருக்கும் கட்டளை இடுகிறது. 1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபை, 1950இல் தனக்கென வகுத்துக்கொண்ட திருவிருந்து ஆராதனையில் சமாதானம் பரிமாறும் பழைய வழக்கத்துக்கு மறுபடியும் உயிர் கொடுத்தது. கேரளத்துச் சுரியானிக் கிறிஸ்தவர்களிடம் இருந்த முறை அது. கொடுப்பவர் தம் வலது உள்ளங்கையை வாங்குபவரின் வலது உள்ளங்கையோடு சேர்க்கிறார். பிறகு இருவரும் தத்தம் இடது கையால் மற்றவரின் வலது கையை மூடுகிறார்கள். பீடத்தருகே தொடங்கி வரிசை வரிசையாக அது கடைசி இருக்கைவரை போகிறது. இருவரின் நான்கு கைகளும் ஒன்றையொன்று பற்றியிருக்கிற அந்த ஒரு கணத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்வது கடினம். பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பிகள் அன்று தூரமான இருக்கைகளைத் தேடிப் போவதற்கும் அதுவே காரணம்.

அப்படியானால் கோபமே பாவமா என்ற கேள்வி எழுகிறது. வேதாகமம் அப்படிச் சொல்லவில்லை. சூம்பின கையுடைய ஒருவனை ஓய்வுநாளில் ஜெப ஆலயத்தில் குணமாக்கினால் குற்றம் சாட்டலாம் என்று காத்திருந்தவர்களை இயேசு கோபத்தோடு சுற்றிப் பார்த்தார் என்று மாற்கு மூன்றாம் அதிகாரத்தில் எழுதுகிறார். அவர்களுடைய இருதயக் கடினத்துக்காக அவர் துக்கப்பட்டதையும் உடனே சேர்த்துச் சொல்கிறார். தேவாலயத்தில் வியாபாரம் செய்தவர்களை அவர் துரத்தியதை நான்கு சுவிசேஷங்களும் பதிவு செய்திருக்கின்றன. எபேசியர் நிருபமும் கோபம் வரவே கூடாது என்று சொல்லாமல், அது பாவமாக மாறக்கூடாது என்கிறது. சூரியன் அஸ்தமிப்பதை அதற்குக் கெடுவாக வைக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ், அறிவின் ஆளுகைக்கு உட்பட்ட கோபம் நல்லதாக இருக்கக்கூடும் என்றும், கோபிக்க வேண்டிய இடத்தில் கோபிக்காமல் இருப்பதும் குறையாகலாம் என்றும் வாதிட்டார்.

ஆனால் நியாயமான கோபம் எது என்பதற்கு இயேசுவின் வாழ்க்கையே தெளிவான அளவுகோல். சுவிசேஷங்களில் அவர் சினந்த இடங்களைப் பார்த்தால், சூம்பின கையோடு நின்றவனுக்காக, தம்மிடம் வரவிடாமல் தடுக்கப்பட்ட குழந்தைகளுக்காக, வியாபாரக்கூடமாக்கப்பட்ட தேவாலயத்துக்காக என்றே இருக்கிறது. தமக்கு அவமானம் நேர்ந்த இடங்களில் கதை வேறு. ஏரோது பல கேள்விகள் கேட்டும் அவர் பதில் சொல்லவில்லை. வையப்பட்டபோது அவர் திரும்ப வையவில்லை என்பதைப் பேதுருவின் முதல் நிருபம் விசுவாசிகளுக்கு மாதிரியாக எடுத்துக்காட்டுகிறது. சாதாரண மனித வழக்கம் இதற்கு நேர் எதிர். அடுத்தவருக்கு நடக்கும் அநியாயத்தைப் பொறுமையோடு பார்த்துக்கொண்டிருப்பவர், தமக்கு மாலை போட மறந்துவிட்டார்கள் என்றால் கொதித்தெழுகிறார். கோபம் யாருடைய வழக்கை நடத்துகிறது என்று கேட்டுப் பார்த்தால் பெரும்பாலும் உண்மை வெளியே வந்துவிடும்.

பெரும்பாலும் என்று சொல்லக் காரணம் உண்டு. எவருக்கும் தம் கோபம் நியாயமானதாகவே தெரியும். 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துறவியர்களுக்காக எழுதிய யோவான் காசியான், தம் நூலின் எட்டாம் பகுதியை முழுக்கச் சினத்துக்கே ஒதுக்கினார். கண்ணை மூடுவது பொன் தகடானாலும் ஈயத் தகடானாலும் பார்வை மறைவது ஒன்றுதான் என்பது அவருடைய வாதம். ஆகவே தன் உள்ளத்தில் எழும் தீய எண்ணங்களின்மேல் காட்டும் கோபத்தைத் தவிர வேறு எதையும் அவர் அனுமதிக்கவில்லை. அக்குவினாஸைவிட இவர் கடுமையானவர். கோட்பாடாகப் பார்த்தால் அக்குவினாஸ் சொல்வதே வேதாகமத்துக்கு நெருக்கமானது. நடைமுறையில் தன்னைச் சோதித்துப் பார்ப்பவருக்குக் காசியானின் சந்தேகம் அதிகம் உதவும்.

காசியான் எகிப்தின் பாலைவனத் துறவியரோடு வாழ்ந்தவர். அங்கே அவர் கற்ற பாடம் ஒன்றை மறைக்காமல் எழுதியிருக்கிறார். மனிதர்களை விட்டு ஒதுங்கிவிட்டால் கோபம் போய்விடும் என்று நினைப்பது தவறு. தனிமையில் இருந்த காலத்திலும் எழுதுகிற நாணல் தடிப்பாக இருந்தால் அதன்மேல் கோபம் வந்ததாம். சீவுகிற கத்தி மழுங்கியிருந்தால் கத்தியின்மேல். படிக்கும் அவசரத்தில் தீக்கல்லிலிருந்து பொறி சட்டென்று பறக்காவிட்டால் கல்லின்மேல். பதினைந்து நூற்றாண்டு தாண்டியும் அந்தக் கோபம் மாறவில்லை. நாணலுக்குப் பதில் இன்று கைபேசியும், தீக்கல்லுக்குப் பதில் கிளம்ப மறுக்கும் மோட்டார்பைக்கும் திட்டு வாங்குகின்றன. அமெரிக்கப் போதகர் ஜோனத்தன் எட்வர்ட்ஸ் 1722, 1723ஆம் ஆண்டுகளில், இருபது வயதை ஒட்டிய பருவத்தில், தமக்கென்று 70 தீர்மானங்கள் எழுதிவைத்தார். அவற்றில் 15ஆவது, அறிவில்லாத பொருள்கள்மேலும் உயிர்கள்மேலும் துளிக்கூடக் கோபம் கொள்வதில்லை என்பது. சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம். ஆனால் கோபம் எதிரில் இருப்பவரால் உண்டாவதில்லை, உள்ளே ஏற்கெனவே இருக்கிறது என்பதைக் கதவையும் பேனாவையும் திட்டும் வேளையில்தான் ஒருவர் ஐயமறக் காண முடியும். அங்கே பழிபோட ஆள் கிடையாது.

சாந்தகுணமுள்ளவருக்கும் பாதுகாப்பு இல்லை. பூமியில் எவரைவிடவும் சாந்தமானவர் என்று எண்ணாகமம் பாராட்டும் மோசே, அதே நூலின் 20ஆம் அதிகாரத்தில் தடுமாறுகிறார். அந்த அதிகாரத்தின் தொடக்கத்தில் அவருடைய சகோதரி மிரியாம் காதேசில் இறக்கிறாள். தொடர்ந்து தண்ணீர் இல்லை என்று ஜனங்கள் வாக்குவாதம் செய்கிறார்கள். கன்மலையிடம் பேசும்படி கட்டளை பெற்றவர், ஜனங்களைக் கலகக்காரர் என்று கடிந்துகொண்டு, கோலால் கன்மலையை இரண்டு முறை அடிக்கிறார். வாக்குத்தத்தம் பண்ணப்பட்ட நாட்டுக்குள் ஜனங்களை நடத்திச் செல்லும் பேறு அவருக்கு அதனால் இல்லாமல் போகிறது. 106ஆம் சங்கீதம் இதை நினைவுகூரும்போது, அடித்ததைச் சொல்லாமல், அவர் உதடுகளால் யோசனையின்றிப் பேசியதையே சொல்கிறது. துக்கமும் களைப்பும் ஒன்றுசேர்ந்த நாளில், நாற்பது வருடச் சாந்தம் ஒரு வாக்கியத்தில் கைநழுவியது. ஆலோசனைக் கூட்டத்தை எந்த நேரத்தில் கூட்டுவது, பசியோடு இருக்கும்போது எந்த விஷயத்தைப் பேசாமல் இருப்பது என்பவை ஆவிக்குரிய வாழ்க்கைக்குச் சம்பந்தமில்லாத சில்லறை விஷயங்கள் என்று எண்ணுகிறவர்கள் இந்த அதிகாரத்தைப் படிப்பது நல்லது.

முன்கோபமுள்ளவரின் வீடு எப்படி இருக்கும் என்பதை 1 சாமுவேல் 25ஆம் அதிகாரம் காட்டுகிறது. வேதாகமத்தில் இந்தப் பொருளைப் பற்றி இதைவிட நுணுக்கமான கதை இல்லை என்றே சொல்லலாம். நாபால் பெரிய பணக்காரன்; 3,000 ஆடுகளும் 1,000 வெள்ளாடுகளும் அவனுக்கு இருந்தன. கர்மேலில் ஆட்டு மயிர் கத்தரிக்கும் விழா நடக்கிறது. வனாந்தரத்தில் அவனுடைய மந்தைக்குக் காவலாக இருந்த தாவீது, உணவு கேட்டு ஆளனுப்புகிறான். யார் அந்தத் தாவீது, எஜமானை விட்டு ஓடிப்போகும் வேலைக்காரர்கள் இந்தக் காலத்தில் அதிகம் என்ற பொருள்பட நாபால் ஏசி அனுப்பிவிடுகிறான். தாவீது உடனே 400 பேரோடு வாளைக் கட்டிக்கொண்டு கிளம்புகிறான். பொழுது விடிவதற்குள் அந்த வீட்டில் ஓர் ஆண்மகனும் மிஞ்சக்கூடாது என்று சபதம். கவனிக்க வேண்டியது, சவுலை எதிர்த்துக் கை ஓங்காதவன் என்று முந்தைய அதிகாரத்தில் பெயர் வாங்கிய அதே தாவீது இவன். பெரிய எதிரியிடம் காட்டிய பொறுமை, சாப்பாட்டுக்காக ஒருவன் சொன்ன இழிசொல்லில் காணாமல் போய்விடுகிறது.

ஆபத்தை உணர்ந்த வேலைக்காரன் நாபாலிடம் போகவில்லை, அவன் மனைவி அபிகாயிலிடம் போகிறான். அவரோடு பேசவே முடியாது என்பதுதான் அவன் சொல்லும் காரணம். முன்கோபம் ஒரு மனிதனிடமிருந்து எதைப் பறிக்கிறது என்பது இந்த இடத்தில் தெரிகிறது: அவன் வீட்டுக்கு வருகிற ஆபத்தைக்கூட அவனிடம் சொல்ல ஆள் இருக்காது. அப்பா காதுக்குப் போகவேண்டாம் என்று பிள்ளைகளும் தாயும் பேசிக்கொள்ளும் வீடுகளிலும், தலைவர் கத்துவார் என்று கணக்கில் விழுந்த துண்டை மறைக்கிற அலுவலகங்களிலும் நடப்பது இதுவே. அபிகாயில் 200 அப்பங்கள், இரண்டு துருத்தி திராட்சரசம், சமைத்த ஐந்து ஆடுகள், வறுத்த தானியம், 100 உலர்ந்த திராட்சைக் குலைகள், 200 அத்திப்பழ அடைகள் ஆகியவற்றைக் கழுதைகள்மேல் ஏற்றி முன்னே அனுப்பிவிட்டுத் தானும் போகிறாள். தாவீதிடம் அவள் பேசும் பேச்சு நீளமானது. கணவனின் குற்றத்தை மறைக்கவில்லை. தாவீதின் கோபத்தை நியாயம் என்று சொல்லித் தூண்டவும் இல்லை. நாளைக்கு அரசனாகும்போது, காரணமில்லாமல் இரத்தம் சிந்தினோமே என்ற உறுத்தல் உமக்கு இருக்கக்கூடாது என்று அவனுடைய எதிர்காலத்தை அவன் முன் வைக்கிறாள். அவன் வாளை இறக்குகிறான். வீடு திரும்பினால் நாபால் குடித்துவிட்டுக் கிடக்கிறான். பொழுது விடியும்வரை அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. போதை தெளிந்த பிறகே சொல்கிறாள். ஒரே நாளில் அவள் ஒருவனிடம் விரைந்து பேசினாள், மற்றவனிடம் பேசாமல் காத்திருந்தாள். நாவடக்கம் என்றால் வாய்மூடி இருப்பது மட்டும் என்று நினைப்பவர்களுக்கு அவளுடைய நடத்தை சரியான திருத்தம்.

எதிரில் இருப்பவரிடம் கோபமாகப் பேசுவதைவிட, இல்லாதவரைப் பற்றிப் பேசுவதைக் கிறிஸ்தவ அறநெறி நூல்கள் அதிகமாக ஆராய்ந்திருக்கின்றன. அக்குவினாஸ் நேரில் வைவது, முதுகுக்குப் பின்னால் பெயரைக் கெடுப்பது, இருவரைப் பிரிக்கக் கோள் சொல்வது, கேலி செய்து கூசவைப்பது, சபிப்பது என்று ஐந்தைத் தனித்தனியே எடுத்து விவாதித்தார். 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் இந்த வழியில் ஒரு முக்கியமான வேறுபாட்டைக் காட்டுகிறது. பொய்யைச் சொல்லிப் பெயர் கெடுப்பது ஒரு பாவம். தக்க காரணம் இல்லாமல், ஒருவருடைய உண்மையான குற்றத்தை அறியாதவர்களிடம் எடுத்துச் சொல்வது இன்னொரு பாவம். நடந்ததைத்தானே சொன்னேன் என்ற சமாதானம் இங்கே செல்லாது. பொய்ச்சாட்சிக்கு எதிரான கட்டளையைக் கத்தோலிக்கரும் லுத்தரன் சபையாரும் எட்டாவதாக எண்ணுகிறார்கள், மற்றச் சீர்திருத்தச் சபைகள் ஒன்பதாவதாக எண்ணுகின்றன. பொருளில் வேறுபாடு இல்லை. 1529இல் மார்ட்டின் லுத்தர் எழுதிய சிறிய ஞானோபதேசம், அயலானுக்காகப் பரிந்து பேசுவதையும் அவன் செய்கைக்கு இயன்ற அளவு நல்ல பொருள் கொள்வதையும் இந்தக் கட்டளையின் கடமையாகவே வைத்தது.

அதே லுத்தர் 1543இல் யூதர்களைப் பற்றி எழுதிய நூல் வெறுப்பின் உச்சம். அவர்களுடைய ஜெப ஆலயங்களைக் கொளுத்தும்படி அது ஆட்சியாளர்களைத் தூண்டியது. நானூறு ஆண்டுகள் கழித்து நாசிகள் அதைத் தங்கள் பிரசாரத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். அமெரிக்காவின் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை 1994இல் அந்த எழுத்துகளைப் பகிரங்கமாக நிராகரித்தது. யாக்கோபு போதகர்களுக்கு ஏன் தனி எச்சரிக்கை கொடுத்தார் என்பதற்கு இதைவிட வேதனையான உதாரணம் தேவையில்லை. கட்டளைக்கு அத்தனை அழகாக விளக்கம் எழுதிய கையே இதையும் எழுதியது.

சபை வாழ்க்கையில் புறங்கூறுதல் பெரும்பாலும் பக்தியின் உடையில் வருகிறது. ஜெபக்கூட்டத்தில் ஒரு குடும்பத்தின் பெயரைச் சொல்லி, ஜெபித்துக்கொள்ளுங்கள் என்று தொடங்கி, அந்த வீட்டுப் பெண்ணின் கதை முழுவதையும் விவரித்துவிடுவதை ஜெபக்குறிப்பு என்று அழைப்பது நியாயமல்ல. கடவுளுக்குத் தெரியாத விவரம் எதுவும் அதில் இல்லை. கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்குத் தெரியாத விவரம்தான் இருக்கிறது.

கோபம் வந்த பிறகு அடக்குவதைவிட, வருமுன்பே ஒழுங்கு வகுப்பதில்தான் கிறிஸ்தவ மரபு நம்பிக்கை வைத்தது. இதில் அதன் முதிர்ச்சி தெரிகிறது. எகிப்தின் பாலைவனத்தில் அகத்தோன் என்ற துறவி மௌனம் பழகுவதற்காக மூன்று ஆண்டுகள் வாயில் கல்லை அடக்கிக்கொண்டிருந்ததாக ஒரு மரபுச் செய்தி உண்டு. பாம்போ என்பவர் சங்கீதம் கற்க வந்து, நாவினால் பாவம் செய்யாதபடி வாய்க்குப் பூட்டு வேண்டும் என்ற 39ஆம் சங்கீதத்தின் முதல் வசனத்தைக் கேட்டதும், இதை முதலில் கடைப்பிடித்துப் பார்க்கிறேன் என்று எழுந்து போனார். பல ஆண்டுகள் கழித்தும் இன்னும் முழுதாகக் கற்கவில்லை என்றாராம். இவை துறவியர்களின் கடுந்தவம். ஆறாம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் மடத்துக்கென எழுதிய ஒழுங்கு, சாதாரண மனிதருக்கும் எட்டக்கூடியது. இரவு ஜெபத்துக்குப் பிறகு மடத்தில் பேச்சு கூடாது என்கிறது அது. நாளின் களைப்பும் மனக்கசப்பும் சேர்ந்திருக்கும் நேரத்தில் வாதத்துக்கு இடமே இல்லாமல் செய்துவிட்டது. காலை, மாலை ஜெபங்களில் கர்த்தர் கற்பித்த ஜெபத்தைத் தலைவர் எல்லாரும் கேட்கும்படி உரக்கச் சொல்ல வேண்டும் என்றும் விதித்தது. கூடி வாழும் இடத்தில் மனக்கசப்பு முள்ளாக முளைக்கும் என்று அவர் அறிந்திருந்தார். மன்னிப்பைப் பற்றிய விண்ணப்பத்தை நாளுக்கு இரண்டு முறை தங்கள் காதால் கேட்கிறவர்கள் அந்தக் கசப்பை வளர்த்துக்கொண்டிருக்க முடியாது என்று நம்பினார்.

இந்த வழியில் மிகச் சிறந்த ஏற்பாடு என்று மெதடிஸ்டு இயக்கத்தின் நிறுவனர் ஜான் வெஸ்லியும் அவருடைய உடன் ஊழியர்களும் 1752இல் கையெழுத்திட்ட உடன்படிக்கையைச் சொல்ல வேண்டும். அதன் சாரம் இது. ஒருவரைப் பற்றி ஒருவர் தீமையாகச் சொல்லப்படுவதைக் கேட்கவோ விசாரிக்கவோ மாட்டோம். காதில் விழுந்துவிட்டால் சட்டென்று நம்ப மாட்டோம். கேட்டதைக் கூடிய விரைவில் சம்பந்தப்பட்டவரிடமே நேரிலோ கடிதத்திலோ சொல்லிவிடுவோம். அப்படிச் சொல்லும்வரை வேறு யாரிடமும் அதைப் பற்றி மூச்சு விடமாட்டோம். சொல்லி முடித்த பிறகும் வேறு யாரிடமும் பேச மாட்டோம். சகோதரன் குற்றம் செய்தால் முதலில் தனியே போய்ப் பேசு, கேளாவிட்டால் ஓரிருவரைக் கூட்டிக்கொண்டு போ, அதற்கும் கேளாவிட்டால் சபையிடம் சொல் என்ற மத்தேயு 18ஆம் அதிகாரத்தின் வரிசையை அவர்கள் தங்கள் அன்றாடத்துக்கு ஏற்ப வடித்துக்கொண்டார்கள். இதைப் பற்றிய பிரசங்கத்தில் வெஸ்லி, இல்லாதவரைப் பற்றித் தீமை பேசுவது எல்லாமே, அது உண்மையாக இருந்தாலும், புறங்கூறுதல்தான் என்று வரையறுத்தார். கேட்க ஆள் இல்லாவிட்டால் பேச ஆள் இருக்காது என்பதும் அவர் அங்கே வற்புறுத்திய கருத்து. குற்றம் பேசும் வாயில் பாதி, கேட்கும் காதில் பாதி.

ஜெர்மனியில் ஹிட்லரின் ஆட்சியை எதிர்த்து நின்ற போதகர் டீட்ரிக் போன்ஹோபர், ஃபின்கன்வால்டே என்ற ஊரில் 1935 முதல் 1937வரை இளம் போதகர்களுக்கான பயிற்சிக்கூடம் நடத்தினார். அங்கே இருந்த விதி ஒன்றே: உடனிருக்கும் சகோதரனைப் பற்றி அவன் இல்லாத இடத்தில் பேசக்கூடாது, பேசிவிட்டால் அதை அவனிடமே போய்ச் சொல்லிவிட வேண்டும். ஹிட்லரின் இரகசியப் போலீசான கெஸ்டாப்போ அந்த இடத்தை மூடிய பின் அவர் எழுதி 1939இல் வெளிவந்த ‘ஒன்றாய் வாழ்தல்’ என்ற நூல், கிறிஸ்தவர்கள் ஒருவருக்கொருவர் செய்யும் ஊழியங்களின் பட்டியலில் நாவை அடக்குவதை முதலில் வைக்கிறது. வெளியே உயிருக்கு ஆபத்து சூழ்ந்திருந்த காலத்தில், உள்ளே ஒருவரையொருவர் முழுவதும் நம்ப வேண்டிய அவசியம் அவர்களுக்கு இருந்தது.

இன்றைய சபைகளுக்கு வெஸ்லியின் உடன்படிக்கை அன்றைவிட அவசியமாகியிருக்கிறது. சேகரக் கமிட்டித் தேர்தல் நெருங்கினால் வாட்ஸ்அப் குழுக்களில் பரவும் குரல்பதிவுகள், யார் சொன்னது என்றே தெரியாமல் ஒருவருடைய முப்பது வருட நற்பெயரை ஒரு மாலையில் கெடுத்துவிடுகின்றன. வந்ததை அப்படியே அனுப்பினேன் என்பவர் தாமாக ஒரு வார்த்தையும் பேசியிருக்கமாட்டார். ஆனாலும் அக்குவினாஸ் கோள் என்று பெயரிட்ட வேலையை அவர் செய்து முடித்திருக்கிறார். சூரியன் மறையும்வரை என்ற கெடுவைக் கோபத்தைத் தணிக்கப் பயன்படுத்துவதுபோல், கோபத்தில் எழுதிய செய்தியை விடியும்வரை அனுப்பாமல் வைத்திருப்பதும் அதே ஒழுங்கின் நீட்சிதான். அபிகாயில் காத்திருந்ததும் விடியலுக்காகவே.

இந்தப் போதனையைத் தவறாகக் கையாள்வதும் உண்டு, அதைத் தெளிவாகச் சொல்லாமல் விடக்கூடாது. அடிவாங்கும் மனைவியிடம் பொறுத்துக்கொள் என்பதற்கும், பணத்தைக் கையாடியவரைப் பற்றிக் கேள்வி கேட்டவரிடம் நாவை அடக்கு என்பதற்கும் இந்த வசனங்கள் பயன்படுத்தப்படுகின்றன. அது பலவீனரைக் காக்க எழுந்த போதனையைப் பலவானின் கையில் கொடுப்பதாகும். மத்தேயு 18ஆம் அதிகாரம் தனியே பேசுவதில் தொடங்கினாலும் சபையிடம் சொல்வதில் முடிகிறது, மௌனத்தில் முடியவில்லை. குற்றத்தைத் தடுக்கக் கூடிய இடத்தில், தெரிவிக்க வேண்டியவரிடம் தெரிவிப்பது புறங்கூறுதல் ஆகாது. தக்க காரணம் இல்லாமல் சொல்வதுதான் பாவம். ஒரு குழந்தையின் பாதுகாப்பு, ஒரு பெண்ணின் உயிர் என்பவை மிகத் தக்க காரணங்கள். ஒப்புரவாகும்படி முதலில் நடக்க வேண்டியவர் தீங்கு செய்தவர். தீங்கடைந்தவரைப் பொழுது சாயுமுன் வீடு திரும்பச் சொல்ல எவருக்கும் உரிமை இல்லை.

இத்தனை ஒழுங்குக்குப் பிறகும் வாய் தவறும். ஜெனீவாவின் ஆயராக இருந்த புனித பிரான்சிஸ் சலேசியார் இயல்பில் முன்கோபி என்று சொல்லப்பட்டவர். சாந்தத்துக்குப் பெயர் பெற்றது நெடுநாள் பயிற்சியால். 1609இல் வெளிவந்த தம் பக்தி நூலில் இதற்கு இரண்டு ஆலோசனைகள் வைத்தார். கோபப்பட்டுவிட்டது தெரிந்தவுடன், யாரிடம் கோபப்பட்டோமோ அவரிடமே சாந்தமான ஒரு செயலால் உடனே ஈடு செய்ய வேண்டும். கோபப்பட்டுவிட்டோமே என்று தன்மேலேயே கோபித்துக்கொண்டிருக்கவும் கூடாது. தன்னைக் கடிந்துகொள்வதும் அமைதியாகவே இருக்க வேண்டும். இரண்டாவது ஆலோசனை அனுபவசாலியுடையது. தன்னைத் திட்டிக்கொள்கிறவர் அந்த எரிச்சலோடு வீட்டில் அடுத்தவரையும் திட்டிவிடுவார்.

ஈடு செய்வதற்கு அப்போஸ்தலனாகிய பவுலின் வாழ்க்கையில் இரண்டு நிகழ்ச்சிகள் உண்டு. மாற்கு என்னும் யோவானை உடன் அழைத்துப் போவதா இல்லையா என்பதில் பவுலும் பர்னபாவும் கடுமையாகச் சண்டையிட்டுப் பிரிந்தார்கள் என்று அப்போஸ்தலர் நடபடிகள் 15ஆம் அதிகாரம் மறைக்காமல் எழுதுகிறது. பிற்காலத்தில் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் அதே மாற்குவை அழைத்துவரும்படி கேட்டு, ஊழியத்துக்கு உதவியானவன் என்று பவுல் எழுத்தில் நற்சான்று கொடுக்கிறார். அப்போஸ்தலர் நடபடிகள் 23ஆம் அதிகாரத்தில், ஆலோசனைச் சங்கத்தின் முன் பவுல் நிற்கும்போது அவரை வாயில் அடிக்கும்படி பிரதான ஆசாரியன் அனனியா கட்டளையிடுகிறான். அது நியாயப்பிரமாணத்துக்கு விரோதமான கட்டளை. பவுல் அவனைக் கடுமையாக ஏசிவிடுகிறார். பிரதான ஆசாரியன் என்று தெரிந்ததும், மக்களின் தலைவரைப் பழிக்கக்கூடாது என்ற வேத விதியைத் தாமே எடுத்துச் சொல்லி, அந்தச் சங்கத்தின் நடுவிலேயே தம் சொல்லைத் திருத்திக்கொள்கிறார். அனனியா செய்தது அநியாயம் என்பதில் மாற்றமில்லை. ஆனாலும் தம் வாயிலிருந்து வந்ததற்கு அவர் கணக்குக் கொடுத்தார், வந்த இடத்திலேயே கொடுத்தார்.

கத்தோலிக்க மறைக்கல்வி நூல் இதை ஒரு கடமையாகவே வகுத்திருக்கிறது: பெயருக்கு ஏற்பட்ட சேதத்தை, மன்னிப்புப் பெற்ற பிறகும், ஈடு செய்தாக வேண்டும், பகிரங்கமாகச் செய்ய முடியாவிட்டால் மறைவாகவேனும் செய்ய வேண்டும். ஆகவே கூட்டத்தில் ஒருவருடைய பெயரைக் கெடுத்தவர், தனியறையில் கைகுலுக்கியதோடு கடன் தீர்ந்தது என்று இருக்க முடியாது. சேகரக் கமிட்டியில் சொன்ன பழியைச் சேகரக் கமிட்டியிலேயே திரும்பப் பெற வேண்டும். மினிட்ஸ் புத்தகத்தில் ஏறியிருந்தால், திரும்பப் பெற்றதும் அதே புத்தகத்தில் ஏற வேண்டும். குழுவில் போட்ட செய்திக்கு அந்தக் குழுவிலேயே, அதே ஆட்கள் படிக்கும்படி, மறுப்பை எழுத வேண்டும்.